பத்தாவது எழுத்து: சமூக வலைதளங்களில் ஒரு நூலகர் கற்றவை

ஒரு சிறிய கல்லூரி நூலகத்தில் ஒரே நூலகராகப் பணியாற்றுபவருக்குத் தொழில் சார்ந்த சந்தேகம் எழுந்தால், திரும்பிப் பார்த்துக் கேட்பதற்கு ஆள் இருக்காது. வேதியியல் ஆசிரியருக்குப் பக்கத்து மேசையில் இன்னொரு வேதியியல் ஆசிரியர் இருப்பார். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கும் அதே வேலை தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். நூலகருக்கோ, புத்தகம் கொடுத்து வாங்க ஓர் உதவியாளர் இருந்தாலே பெரிது. பட்டியலாக்கத்தில் ஒரு புலத்தை எப்படி நிரப்புவது, இரண்டு துறைகளுக்கும் உரிய ஒரு நூலை எந்தப் பகுப்பெண்ணில் வைப்பது என்பன போன்ற கேள்விகளைப் பல ஆண்டுகள் என்னிடமே கேட்டு, என்னிடமே ஒரு பதிலையும் வாங்கிக்கொண்டு, அது சரிதானா என்று தெரியாமலேயே காலத்தை ஓட்டியிருக்கிறேன். சமூக வலைதளங்களைத் தொழிலுக்காகப் பயன்படுத்த நான் தொடங்கியது அந்தத் தனிமையால்தான். அது எளிதில் கைவரவுமில்லை, உடனே பலன் தரவுமில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் எங்கும் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஃபேஸ்புக்கில் நூலகர்களுக்கான மூன்று குழுக்களில் சேர்ந்தேன், ட்விட்டரில் கணக்கு தொடங்கினேன், லிங்க்ட்இன்னில் என் பதவியையும் படிப்பையும் எழுதி வைத்தேன். பிறகு மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். இணையக் குழுமங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் படிப்பதோடு நிற்கிறார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், மீதமுள்ள 1 சதவீதத்தினரே பெரும்பாலானவற்றை எழுதுகிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006ஆம் ஆண்டில் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, எனக்குத் துணை நிறையப் பேர் இருப்பது தெரிந்து சற்று ஆறுதலாக இருந்தது. ஆனால் என் மௌனத்துக்குக் காரணம் சோம்பலோ நேரமின்மையோ அன்று. நூலகர் என்பவர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்பவர் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான சக நூலகர்கள் பார்க்கும் இடத்தில் "எனக்கு இது தெரியவில்லை" என்று எழுதுவது, என் பட்டத்தை நானே திருப்பிக் கொடுப்பது போல இருந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளை வீண் என்று சொல்ல மாட்டேன். யார் சொல்வதை நம்பலாம் என்பதை அப்போதுதான் கற்றேன். பதில் எழுதும்போது தாம் பயன்படுத்தும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சேர்த்துச் சொல்பவர், "இதை நான் செய்து பார்க்கவில்லை, படித்ததை வைத்துச் சொல்கிறேன்" என்று வேறுபடுத்துபவர், மூன்று நாள் கழித்தும் திரும்பி வந்து "நான் சொன்னதில் ஒரு பிழை" என்று திருத்துபவர் ஆகியோரை ஒரு பட்டியலாகவே குறித்து வைத்தேன். அந்தப் பட்டியலில் பெரிய பதவியில் இருந்தவர்கள் குறைவு. ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் சிலருடைய பதிவுகளை ஒரு மாதம் தொடர்ந்து படித்த பிறகு, அவற்றில் விருது வாங்கிய படங்களும் வாழ்த்துகளும் தவிர வேறொன்றும் இல்லை என்பதும் புரிந்தது.

மௌனத்தை உடைக்க வைத்தது ஒரு விபத்து. எங்கள் நூலகத்துக்குக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவியிருந்தோம். 1999இல் நியூசிலாந்தில் ஒரு நூலக அமைப்புக்காக எழுதத் தொடங்கப்பட்ட அந்தத் திறந்த மூல மென்பொருள், என்னைப் போன்ற சிறிய நூலகங்களுக்குப் பெரிய கொடை. வேறோர் இடத்திலிருந்து பெற்ற 1,800 நூல் விவரப் பதிவுகளை, அவற்றைக் கணினி படிப்பதற்கென்று நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 வடிவக் கோப்பாக அதில் ஏற்றினேன். ஆங்கிலத் தலைப்புகள் ஒழுங்காக வந்துவிட்டன. தமிழ்த் தலைப்புகள் இருந்த இடத்திலெல்லாம் தலைக்குமேல் கொம்பும் கொக்கியும் முளைத்த அந்நிய எழுத்துகளும் சதுரக் கட்டங்களும் வரிசை வரிசையாக நின்றன. மறுநாள் காலையில் மாணவர்கள் தேடத் தொடங்கிவிடுவார்கள். பதற்றத்தில் ஒரு குழுவில் இப்படி எழுதினேன்: "கோஹாவில் தமிழ் சரியாகத் தெரியவில்லை. என்ன செய்வது? அவசரம்."

நான்கு பேர் "எங்களுக்கும் இதே பிரச்சினை" என்றார்கள். ஒருவர் உலாவியை மாற்றிப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் கணினியை அணைத்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். நான் பட்டியலிட்டு வைத்திருந்த நம்பகமானவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு, என் கேள்வியை நானே இன்னொருமுறை படித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதே போன்ற கேள்வியோடு ஒரு மாணவர் என் மேசைக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? "பொருளாதாரப் புத்தகம் வேண்டும்" என்பவரிடம், எந்தப் பாடத்துக்கு, எந்த அளவில், எப்போதைக்குள் என்று நான்கு கேள்விகளாவது கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

நூலகவியல் படித்தவர்கள் ராபர்ட் டெய்லரின் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். வாசகருடைய தகவல் தேவை நான்கு நிலைகளைக் கடந்து வருகிறது என்று அவர் 1968இல் எழுதினார்: முதலில் சொல்லத் தெரியாத ஒரு குறை, பிறகு மனத்தில் தெளிவில்லாமல் உருவாகும் விவரிப்பு, அதன் பின் முறையாக அமைந்த கேள்வி, கடைசியில் நூலகத்தால் எதைத் தர முடியும் என்று தாமாகவே கணக்கிட்டுக் குறுக்கிக்கொண்ட கேள்வி. மேசையில் நமக்கு வந்து சேர்வது அந்தக் கடைசி வடிவம்தான் என்பதால், அங்கிருந்து பின்னோக்கி அழைத்துச் செல்வதே குறிப்புதவி நேர்காணல். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் நானே வாசகராக மாறியபோது முதல் நிலையிலேயே நின்றுகொண்டு, குறையை மட்டும் சொல்லி அழுதிருக்கிறேன். சமூக வலைதளத்தில் எதிரே உட்கார்ந்து நம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்ல ஆளில்லை. குறிப்புதவி நேர்காணலைக் கேட்பவரே தமக்குத் தாமே நடத்திக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அன்றிரவே இரண்டாவது கேள்வியை எழுதினேன். கோஹாவின் பதிப்பு எண், கோப்பு எந்த வடிவில் வந்தது, இறக்குமதியின்போது எழுத்துக் குறியாக்கமாக எதைத் தேர்ந்தேன், எப்படி வரும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் எப்படி வந்தது, எவற்றையெல்லாம் செய்து பார்த்துப் பயனில்லாமல் போனது என்று வரிசையாக எழுதி, ஒரே ஒரு பதிவை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து இணைத்தேன். எழுதி முடிக்க 50 நிமிடங்கள் ஆயின. எழுதிக்கொண்டிருக்கும்போதே என் சந்தேகங்களில் பாதி தாமாகவே விலகின என்பதையும் சொல்ல வேண்டும்: உலாவியில் கோளாறு இல்லை, ஏனென்றால் முன்பு கையால் தட்டச்சு செய்த தமிழ்ப் பதிவுகள் ஒழுங்காகத் தெரிந்தன.

பதில் முக்கால் மணி நேரத்தில் வந்தது. எழுதியவர் ஓர் இசை நூலகத்தின் கணினிப் பிரிவில் இருப்பவர், தமிழ் அறியாதவர். "பதிவின் லீடரில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள்" என்பதுதான் அவருடைய முதல் வரி. மார்க் பதிவு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் லீடர் எனப்படும் 24 எழுத்துகள் உண்டு. சுழியத்திலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால், கையேடுகளில் 09 என்று குறிக்கப்படும் இடம் பத்தாவது எழுத்து. அங்கே 'ஏ' என்ற சிறிய ஆங்கில எழுத்து இருந்தால் பதிவு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் இருக்கிறது என்று பொருள். வெற்றிடமாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய குறியாக்கத்தில் இருக்கிறது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். எனக்கு வந்த கோப்பில் எழுத்துகள் எல்லாம் யூனிகோடில் இருந்தன, லீடரில் மட்டும் அந்த இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் தனித்தனிக் குறிகளாக எண்ணி மென்பொருள் மொழிமாற்றியதன் விளைவுதான் கொம்பும் கொக்கியும். ஆங்கில எழுத்துகள் இரண்டு முறைகளிலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவை தப்பித்துக்கொண்டன.

கோஹாவிலேயே இறக்குமதியைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். 1,800 பதிவுகளையும் திரும்பப் பெற்று, மார்க் பதிவுகளைத் திருத்த உதவும் மார்க்எடிட் மென்பொருளில் அந்த ஓர் எழுத்தை மாற்றி, முதலில் பத்துப் பதிவுகளை மட்டும் ஏற்றிச் சரிபார்த்து, பிறகு எல்லாவற்றையும் ஏற்றினேன். முதலில் பத்து என்பதும் அவர் சொன்னதே. அதை முன்பே செய்திருந்தால் அந்த இரவே எனக்கு நேர்ந்திருக்காது.

இந்த நிகழ்ச்சியில் என்னை யோசிக்க வைத்தது, பதில் எங்கிருந்து வந்தது என்பது. என்னோடு படித்தவர்கள் அடங்கிய வாட்ஸ்அப் குழுவிலும் அதே கேள்வியைப் போட்டிருந்தேன். அவர்களுக்கு எனக்குத் தெரிந்தவைதான் தெரிந்திருந்தன. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய ஆய்வு, புதிய செய்திகள் நெருங்கிய நண்பர்களைவிட அதிகம் பழக்கமில்லாத அறிமுகங்கள் வழியாகவே வந்து சேர்கின்றன என்பதை விளக்குகிறது. நெருக்கமானவர்கள் அனைவரும் ஒரே வட்டத்தில் இருப்பதால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். அதன் பிறகு நான் பின்தொடர்பவர்களின் பட்டியலை மாற்றி அமைத்தேன். கல்லூரி நூலகர்களே நிறைந்திருந்த அதில், ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்கள், சிறுவர் நூலகர்கள், பார்வையற்றோருக்கான நூல்களை உருவாக்குபவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள், பழைய ஏடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் என்று ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்தேன்.

அதன் பயன் நான் கேட்காமலேயே ஒருமுறை வந்தது. புதிய நூல்களுக்கான காட்சி அடுக்கு ஒன்றைப் படமெடுத்துப் பொதுவில் போட்டிருந்தேன். பாராட்டுகளுக்கு நடுவே, நூல் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் அந்தப் படத்தின் பின்னணியில் இருந்த அலமாரியைச் சுட்டி, "அது கட்டடத்தின் வெளிச்சுவரோடு ஒட்டியா நிற்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஆம், ஒட்டித்தான் நின்றது. ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரியின் பின்னால் இரண்டு நாள் வைத்தேன். அறையின் நடுவில் 58 காட்டியது அங்கே 71 சதவீதத்தைத் தொட்டது. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். கீழ்த்தட்டின் பின்வரிசையில் இருந்த நூல்களை எடுத்தபோது, ஏழெட்டு அட்டைகளில் சாம்பல் நிறப் படலம் படியத் தொடங்கியிருந்தது. அவற்றைத் தனியே பிரித்து உலர்த்திச் சுத்தம் செய்தோம்; அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். இன்றும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அலமாரிக்குப் பின்னால்தான் போகிறது.

எந்தத் தளம் சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இதில் அதிகம் சொல்வதற்கு இல்லை. லிங்க்ட்இன் பணி வாய்ப்புகளுக்கும் கருத்தரங்க அறிவிப்புகளுக்கும் உதவுகிறது, தற்புகழ்ச்சியைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஃபேஸ்புக் குழுக்களில் விரிவாக எழுதலாம், தேடி எடுப்பது கடினம். ட்விட்டர் போன்ற தளமான மாஸ்டடானில் ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்துகள் கிடைக்கின்றன, நூலகம், காப்பகம், அருங்காட்சியகம் சார்ந்தவர்களுக்கென்றே தனிச் சேவையகங்களும் இருக்கின்றன, ஆனால் கூட்டம் சிறியது. டெலிகிராமில் பழைய உரையாடலைப் புதிதாக வருபவருக்கும் காட்டும்படி அமைக்க முடிவதால் ஒரே கேள்வி பத்து முறை வருவது குறைகிறது. நீங்கள் நம்பும் மனிதர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருங்கள் என்பதுதான் என் பதில்.

இனி, எழுதத் தயங்கும் ஒன்றை எழுத வேண்டும். கேள்வி கேட்கும் கூச்சம் தீர்ந்த பிறகு எனக்கு எதிர்த்திசையில் ஒரு துணிச்சல் வந்தது. மேசையில் நடப்பவற்றை அவ்வப்போது பொதுவில் எழுதத் தொடங்கினேன். ஒருநாள் ஒரு மாணவி, தன் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்த மனநோய் பற்றி எளிய மொழியில் ஏதாவது நூல் இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் எப்படித் தேடினேன், எந்தப் பொருள் தலைப்பு கைகொடுத்தது, எது ஏமாற்றியது என்பதை அன்று மாலை ஒரு பதிவாக எழுதினேன். பெயர் இல்லை, துறை இல்லை, ஊர் இல்லை. தேடல் முறையைப் பாராட்டிப் பலர் பகிர்ந்தார்கள். மூன்றாம் நாள் அந்த மாணவி நூலை நீட்டிவிட்டு, "மேடம், நீங்கள் எழுதியது என்னைப் பற்றித்தானே?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவருடைய தோழி ஒருத்தி என்னைப் பின்தொடர்ந்திருக்கிறாள். அன்று மேசையருகே நின்ற நேரத்தையும் பதிவின் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. பதிவை அழித்தேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தப் பருவம் முடியும்வரை நூலகத்துக்கு வரவில்லை.

வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று, நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 2012இல் வெளியிட்ட நெறிமுறைகளில் இருக்கிறது. அதை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் வைத்திருந்தேன். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்தது என் தவறு. சிறிய நிறுவனத்தில் நாளும் நேரமும் கேள்வியின் பொருளுமே பெயராகிவிடுகின்றன. இப்போது வாசகரிடமிருந்து வந்த எந்தக் கேள்வியையும் நான் பொதுவில் எழுதுவதில்லை. தேடல் முறை ஒன்றைப் பகிர வேண்டுமென்றால், உடல்நலம், குடும்பம், சட்டம், மதம் ஆகியவற்றுக்குத் தொடர்பில்லாத வேறோர் எடுத்துக்காட்டை நானே உருவாக்கி எழுதுகிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கடன் பதிவேட்டில் உறுப்பினர் பெயர் தெரிகிறதா என்று இருமுறை பார்க்கிறேன். சக நூலகர்களின் குழுக்களில் ஸ்கிரீன்ஷாட் வழியாக வாசகர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் வெளிவருவதை வாரத்துக்கு ஒருமுறையாவது காண்கிறேன். அப்போது குழுவில் கண்டிக்காமல், பதிவிட்டவருக்குத் தனிச் செய்தி அனுப்பினால் பெரும்பாலும் உடனே நீக்கிவிடுகிறார்கள்.

தொழில்முறைக் குழுக்களில் வேறு வகைத் தொல்லைகளும் உண்டு. "48 மணி நேரத்தில் கட்டுரை வெளியீடு, சான்றிதழ் உறுதி" என்று வரும் அழைப்புகளை, காசு பறிக்கும் போலி ஆய்விதழ்களைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் நூலகர்களே கண்ணை மூடிக்கொண்டு முன்னனுப்புவது எனக்குப் புரியாத புதிர். நானும் ஒருமுறை அப்படியோர் அழைப்பை ஓர் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் அவரிடம் போய் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. 2015இல் தொடங்கிய 'திங்க், செக், சப்மிட்' இயக்கத்தின் சரிபார்ப்புக் கேள்விகளையும், யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே.யையும் பார்க்காமல் இப்போது எந்த அழைப்பையும் நான் அனுப்புவதில்லை. அதேபோல, பதிப்புரிமை உள்ள பாடநூல்களை முழுக் கோப்பாகக் குழுக்களில் வாரி இறைப்பதையும் சேவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கட்டுரை கிடைக்கவில்லை என்றால் நூலகங்களுக்கிடையிலான இரவல், ஆசிரியரின் நிறுவனக் களஞ்சியத்தில் இருக்கும் முன்வரைவு, ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் என்று மூன்று நேர்வழிகள் இருக்கின்றன. மூன்றாவது வழி எத்தனை எளிதில் பலன் தருகிறது என்பது முயன்றவர்களுக்குத் தெரியும்.

சேமிப்பு விஷயத்தில் எனக்குக் கிடைத்த அடி, தொழிலை நினைத்தால் வெட்கப்பட வைப்பது. கூகுளின் சமூக வலைதளமாக இருந்த கூகுள் பிளஸில் நான் விரும்பிப் படித்த ஒரு பட்டியலாக்கக் குழுமம் இருந்தது. பயனுள்ள உரையாடல்களை அந்தத் தளத்திலேயே குறியிட்டு வைத்திருந்தேன், வெளியே எடுத்து வைக்கவில்லை. தளம் மூடப்படும் என்ற அறிவிப்பைப் பார்த்தும் நாளை நாளை என்று தள்ளினேன். 2019 ஏப்ரல் 2ஆம் தேதி அதன் பொதுப் பயன்பாடு முடிந்தது, என் குறிகளும் போயின. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் மூடப்பட்டபோதும், 2023இல் ட்விட்டர் எக்ஸ் ஆகிப் பலர் கணக்கைக் கைவிட்டு வெளியேறியபோதும் இதே கதை பலருக்கு நடந்தது. ஆயிரக்கணக்கான நூல்களை வகைப்படுத்தி எண் ஒட்டி அடுக்கும் நான், எனக்குத் தேவையானவற்றை மட்டும் பிறருடைய அலமாரியில் எண்ணே இல்லாமல் போட்டு வைத்திருந்தேன்! இப்போது பயனுள்ள பதிலை அன்றைக்கே மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான சொட்டேரோவில், நாளும் இணைப்பும் எழுதியவர் பெயரும் சேர்த்து, என் சொற்களில் இரண்டு வரிச் சுருக்கத்தோடு பதிந்துவிடுகிறேன். பொதுப்பக்கமாக இருந்தால், இணையப் பக்கங்களைப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு படி எடுத்து வைக்கச் சொல்கிறேன். மூடிய குழுவில் ஒருவர் எழுதியது என்றால் செய்முறையை மட்டும் எடுத்துக்கொள்வேன். அவருடைய சொற்களை வெளியே கொண்டு போக வேண்டுமானால் அவரிடம் கேட்பேன்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணிநேரத்தில் ஃபேஸ்புக் திரையோடு உட்கார்ந்திருக்கும் நூலகரைப் பார்த்தால் மேலதிகாரிக்கு என்ன தோன்றும் என்று விளக்கத் தேவையில்லை. எனக்கும் ஒருமுறை ஜாடையாகச் சொல்லப்பட்டது. அதை மனத்தாங்கலாக வைத்துக்கொள்ளாமல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நான்கு பத்திகள்: நாள், கேள்வி, பதில் வந்த இடம், அதனால் நூலகத்தில் என்ன மாறியது. நான்காவது பத்தி காலியாக இருக்கும் வரிகளே முதல் மூன்று மாதங்களில் அதிகம், அதாவது படித்துப் பொழுது போக்கியிருக்கிறேன். அந்தக் காலியிடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் காலை 20 நிமிடம், அதுவும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்ற பழக்கம் வந்தது. ஆண்டு மதிப்பீட்டின்போது நான்காவது பத்தியை மட்டும் ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து இணைத்தேன். அதன் பிறகு யாரும் ஜாடை பேசவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் பிளோவர்ஸ் என்பவர் 2006இல் நூலகப் பணியாளர்களுக்காக 23 சிறு பணிகள் கொண்ட ஒரு பயிற்சியை வடிவமைத்தார். அன்றைய புதிய இணையக் கருவிகளை வாரத்துக்கு இரண்டு மூன்றாகத் தாமே தொட்டுப் பார்த்து, கண்டதை எழுதி வைக்க வேண்டும். உலகெங்கும் பல நூலகங்கள் அதைப் பின்பற்றின. அதிலிருந்த கருவிகளில் பல இன்று வழக்கொழிந்துவிட்டன. செய்து பார், உடனே எழுது என்ற முறை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது; என் உதவியாளருக்கு மாதத்துக்கு இரண்டு பணிகள் என்று அதே முறையில் நான் கொடுத்து வருகிறேன். சென்ற ஜனவரியில் விக்கிப்பீடியாவில் மேற்கோள் இல்லாத ஒரு செய்திக்கு நம் நூலகத்தில் இருக்கும் நூலிலிருந்து மேற்கோள் சேர்ப்பது அவருடைய பணியாக அமைந்தது. 'ஒரு நூலகர், ஒரு மேற்கோள்' என்ற அந்த இயக்கம் 2016 முதல் நடக்கிறது. அவர் ஒன்றோடு நிறுத்தாமல் பதினொன்று சேர்த்தார்.

பதில் சொல்லத் தொடங்கியபோது நான் பட்ட முதல் காயம், நூல்களை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணால். பத்து இலக்க எண்ணை எப்படிப் பதின்மூன்று இலக்கமாக்குவது என்று ஒருவர் கேட்டார். முன்னால் 978 சேர்த்தால் போதும் என்று இரண்டு நிமிடத்தில் பதில் எழுதிவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் பணிவாகக் குறுக்கிட்டு, கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதையும், 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதின்மூன்று இலக்க முறையில் அதைக் கணக்கிடும் விதமே வேறு என்பதையும், ஆகவே பழைய கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டுப் புதிதாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும் என்பதையும் விளக்கினார். எனக்குத் தெரிந்த விஷயம்தான்; அவசரத்தில் விட்டுவிட்டேன். அழித்துவிடலாம் என்று கை போனது. ஆனால் அதற்குள் மூன்று பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். என் பிழையான பதிலை அப்படியே விட்டு, அதன் தலைப்பில் "இது தவறு, கீழே உள்ள திருத்தத்தைப் பாருங்கள்" என்று எழுதி, அந்த மூவருக்கும் தனித்தனியே தெரிவித்தேன். வியப்பு என்னவென்றால், அதன் பிறகுதான் என்னிடம் நேரடியாகக் கேள்வி கேட்பவர்கள் அதிகமானார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளம் நூலகர் அதே குழுவில் எழுதியிருந்தார்: "கோஹாவில் தமிழ் சரியாக வரவில்லை. உதவவும். அவசரம்." பத்தாவது எழுத்து என்று உடனே எழுத விரல் துடித்தது. ஐ.எஸ்.பி.என். நினைவுக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டு, "தம்பி, ஒரே ஒரு பதிவை மட்டும் பிரித்து அனுப்ப முடியுமா? கையால் தட்டச்சு செய்த தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா?" என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் அனுப்பினார். லீடரில் பத்தாவது எழுத்து 'ஏ' என்றே சரியாக இருந்தது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தன. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தின் ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட தரவு அது; அந்த எழுத்துருவை நிறுவினால் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் வெறும் ஆங்கிலக் குப்பை. எந்த எழுத்துரு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியாது. அதையே எழுதிவிட்டு, என் பழைய பட்டியலில் இருந்த, பழைய நாளிதழ்த் தரவுகளை மாற்றிப் பழகிய ஓர் ஆவணக் காப்பாளரை உரையாடலுக்குள் அழைத்தேன். அவர் இரவு பதினொரு மணிக்கு வந்து, எந்தக் குறி எந்த எழுத்தின் இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டி எழுத்துருவை அடையாளம் கண்ட விதத்தை, அந்தத் தம்பியோடு சேர்ந்து நானும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.